நாயின் மயிர் உதிர்தல்: இயல்பும் நோயும்

2005ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் இந்திய அஞ்சல்துறை நம் நாட்டு நாய் வகைகளைக் காட்டும் நான்கு அஞ்சல்தலைகளை வெளியிட்டது. ராஜபாளையம் நாய், முதோள் வேட்டைநாய், ராம்பூர் வேட்டைநாய், இமாலய ஆட்டுக்காவல் நாய் ஆகியவை அவற்றில் இடம்பெற்றன. முதல் மூன்றின் மயிர் குட்டையானது, தோலோடு ஒட்டியிருப்பது. நான்காவதன் உடலையோ அடர்ந்து நீண்ட மயிர் போர்த்தியிருக்கும். சமவெளியின் வெயிலில் ஓடி வேட்டையாடும் நாய்க்கும், மலைச்சரிவின் குளிரில் இரவு முழுவதும் ஆட்டுக்கிடையைக் காக்கும் நாய்க்கும் இயற்கை வெவ்வேறு ஆடை அளித்திருப்பதில் வியப்பில்லை. ஆயினும் ஒரு தன்மையில் இந்நான்கும் ஒத்தவை. நான்குமே மயிரை உதிர்ப்பவை.

தரையிலும் பாயிலும் உடையிலும் மயிர் ஒட்டத் தொடங்கியவுடன் நாய் வளர்ப்போர் கவலை கொள்கின்றனர். இக்கவலை இருவகைப் பிழைகளுக்கு இடமளிக்கிறது. இயல்பாக நிகழும் உதிர்தலை நோயென்று கருதி, மயிரை அடியோடு மழித்துவிடுவதும், கைக்குக் கிடைத்த மருந்தைப் பூசுவதும், சில வேளைகளில் நாயைத் தெருவில் விட்டுவிடுவதும் முதல் வகைப் பிழை. நோயால் மயிர் கொட்டுவதைப் ‘பருவ மாற்றம்’ என்று எண்ணி வாளாவிருந்து விடுவது இரண்டாம் வகை. இரண்டாவது பிழையே மிகுந்த தீங்கு பயப்பது. ஏனெனில், நாயின் மயிரைக் கொட்டச் செய்யும் நோய்களுள் சில அந்நாயோடு விளையாடும் குழந்தைகளையும் தொற்ற வல்லவை.

ஊர்ப்புறங்களில் இத்தகைய ஐயங்கள் எழும்போது மக்கள் முதலில் நாடுவது விரிவாக்கப் பணியாளரையும் பள்ளி ஆசிரியரையுமே. மருத்துவம் செய்வது அவர்தம் பணியன்று. ஆனால் எது இயல்பு, எது நோய் என்று பிரித்துணர்ந்து, வேண்டியபோது கால்நடை மருத்துவரிடம் அனுப்பிவைப்பது அவர்களால் இயலும். அதற்குத் துணையான செய்திகள் இங்குத் தொகுத்துக் கூறப்படுகின்றன.

மயிரின் அமைப்பு

மனிதனின் தலையில் பெரும்பாலும் ஒரு துளைக்கு ஒன்றிரண்டு மயிர்களே வெளிவருகின்றன. வளர்ந்த நாயின் தோலில் அவ்வாறன்று. ஒரே துளையின் வழியாகத் தடித்த மயிர் ஒன்றும், அதனைச் சூழ்ந்து மெல்லிய மயிர்கள் பலவும் கொத்தாக வெளிவரும். தடித்து நீண்டதைக் காப்புமயிர் என்றும், மெல்லியதாய்ப் பஞ்சுபோல் இருப்பதை அடிமயிர் என்றும் கூறலாம். காப்புமயிர் மழையையும் வெயிலையும் முள்ளையும் தடுக்கிறது. அடிமயிர் தன்னிடையே காற்றைச் சிறைப்படுத்தி உடலின் வெப்பத்தைக் காக்கிறது.

மேலும் கீழுமாக இவ்விரு அடுக்குகளும் செறிந்த நாய்களை ஈரடுக்கு மயிருடையவை எனலாம். ஹிமாசலப் பிரதேசத்தின் கத்தி இன ஆயர்கள் வளர்க்கும் கத்தி நாய், உத்தராகண்டத்தின் போட்டியா நாய், வெளிநாட்டு வகைகளுள் ஜெர்மன் ஷெப்பர்டு, லேப்ரடார், சைபீரியன் ஹஸ்கி ஆகியவை இவ்வகையின. ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோள் போன்ற வேட்டைநாய்களிடம் அடிமயிர் மிகக் குறைவு. இவற்றிலும் மயிர் உதிர்கிறது; எனினும் அது குட்டையாகவும் அளவிற் குறைந்தும் இருப்பதால் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை.

தோலினுள் ஒவ்வொரு மயிர்க்காலையும் அடுத்து நெய்ச்சுரப்பிகள் உள்ளன. இவை சுரக்கும் நெய்ப்பொருள் மயிருக்கு மெருகையும், தோலுக்கு நீர் புகாத தன்மையையும் அளிக்கிறது. வாருவதால் இந்நெய் மயிரின் அடியிலிருந்து நுனிவரை பரவுகிறது. நன்கு வாரப்பட்ட நாயின் உடல் பளபளப்பதன் காரணம் இதுவே.

மயிரின் வாழ்நாள்

மயிர் இடையறாது வளர்ந்துகொண்டே இருப்பதன்று. ஒவ்வொரு மயிர்க்காலும் வளர்ச்சி, சுருக்கம், ஓய்வு என்னும் மூன்று நிலைகளை மாறி மாறி அடைகிறது. இம்மூன்று நிலைகளுக்கும் இன்று விஞ்ஞானிகள் வழங்கும் பெயர்கள், சுண்டெலியின் மயிரை ஆராய்ந்த டிரை என்பவர் 1926ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தவை. வளர்ச்சி நிலையில் மயிர்க்காலின் அடிப்பகுதியிலுள்ள உயிரணுக்கள் விரைந்து பெருகி, கெரட்டின் என்னும் புரதத்தாலான மயிரை மேல்நோக்கித் தள்ளுகின்றன. பின்னர்ச் சுருக்க நிலையில் வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஓய்வு நிலையில் மயிர் உயிரற்றதாய், வேர் தளர்ந்து, துளையில் செருகி வைத்த குச்சிபோல் தங்கியிருக்கிறது. மீண்டும் வளர்ச்சி தொடங்கி அடியிலிருந்து புதிய மயிர் எழும் காலத்தில் பழைய மயிர் கழன்று விழுகிறது.

பெரும்பான்மையான நாய் வகைகளில் எந்த நேரத்திலும் மிகுதியான மயிர்கள் ஓய்வு நிலையிலேயே இருக்கும். ஆகவே அவை கூட்டங்கூட்டமாக உதிர்கின்றன. பூடில் போன்ற சில வகைகளில் மயிர்கள் பெரும்பாலும் வளர்ச்சி நிலையிலேயே நீடிக்கின்றன. அவை குறைவாகவே உதிர்கின்றன. ஆனால் மயிர் வளர்ந்துகொண்டே போவதால் அவ்வப்போது கத்தரித்துவிட வேண்டியிருக்கிறது. ‘மயிர் உதிராத நாய்’ என்று விற்பனையாளர் கூறுவது இவ்வகைகளையே. முற்றிலும் உதிராத மயிர் என்பது எந்த நாய்க்கும் இல்லை.

உதிர்ந்து விழும் பழைய மயிர் புதிய மயிரின் வருகைக்கு அறிகுறி என்பதை இதனால் அறியலாம். உடல்நலமுள்ள நாயின் மயிர் உதிர்வதை மருந்தால் நிறுத்த முயல்வது, மரத்தின் பழுத்த இலை விழாமல் கட்டிவைக்க முயல்வதை ஒக்கும்.

ஒளியும் பருவமும்

மயிர் உதிரும் காலத்தை வெப்பத்தைக் காட்டிலும் மிகுதியாக நிர்ணயிப்பது பகற்பொழுதின் நீளமாகும். கண் வழியாகப் பெறப்படும் ஒளியின் அளவுக்கேற்ப, மூளையிலுள்ள பீனியல் சுரப்பி மெலட்டோனின் என்னும் இயக்குநீரை இரவில் சுரக்கிறது. 1958ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஏரன் லெர்னரும் அவருடன் பணியாற்றியோரும் மாட்டின் பீனியல் சுரப்பிகளிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். இரவு நீண்டால் இதன் சுரப்பும் நீள்கிறது. இரவு குறுகினால் குறைகிறது. இம்மாற்றத்தைப் பின்பற்றிப் பிற இயக்குநீர்களும் மாறி, மயிர்க்கால்களுக்குப் பருவத்தை அறிவிக்கின்றன.

நம் நாட்டின் வடக்கையும் தெற்கையும் ஒப்பிட்டால் இதன் விளைவு தெளிவாகும். தரம்சாலாவில் ஜூன் இறுதியில் பகல் 14 மணி நேரத்துக்குச் சற்று மிகுதி; டிசம்பர் இறுதியில் ஏறத்தாழ 10 மணி நேரமே. ராஜபாளையத்திலோ ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒருமணி நேரத்தைச் சற்றே கடக்கிறது. எனவே மலைநாட்டு நாய் வேனிலின் தொடக்கத்தில் தன் அடிமயிரைக் கற்றை கற்றையாக உதிர்க்கிறது. கூதிர்காலத்தில் மீண்டும் ஒருமுறை உதிர்த்துக் குளிருக்கான புதிய மயிரைப் பெறுகிறது. தென்னாட்டு நாய்க்கு இத்தகைய தெளிவான எல்லை இராது. வீட்டினுள்ளேயே மின்விளக்கின் ஒளியில் நெடுநேரம் வாழும் நாய்க்கோ, எவ்விடத்தாயினும், பருவம் மங்கி ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக மயிர் உதிர்கிறது. இதனை நோயென்று எண்ணி அஞ்ச வேண்டுவதில்லை.

ஒளியைத் தவிர வேறு இயல்பான காரணங்களும் உண்டு. குட்டியின் மெல்லிய மயிர் சில திங்கள் வயதில் உதிர்ந்து முதிர்ந்த மயிர் தோன்றுகிறது. குட்டி ஈன்ற பெண் நாய்க்கு ஒன்று முதல் மூன்று திங்களுக்குள் மயிர் மிகுதியாகக் கொட்டுவதுண்டு. கடுங்காய்ச்சல், அறுவை மருத்துவம் முதலியவற்றுக்குப் பின்னும் இவ்வாறு நிகழலாம். உடல் தேறியபின் மயிர் மீண்டும் வளர்ந்துவிடும்.

பார்க்க வேண்டுவது தோலை

உதிர்ந்த மயிரின் அளவைக் கொண்டு நோயைக் கணிக்க முயல்வது பயனற்றது. நலமான ஹஸ்கி ஒன்று ஒரே நாளில் ஒரு கூடை மயிரை உதிர்க்கக்கூடும். நோயுற்ற வேட்டைநாய் கைப்பிடியளவும் உதிர்க்காதிருக்கலாம். நாயின் மயிரை இரு கைவிரல்களாலும் பிரித்து, அடியிலுள்ள தோலைப் பார்ப்பதே நம்பத்தக்க வழி.

இயல்பான உதிர்தலில் தோல் தூய்மையாக இருக்கும். சிவப்போ, புண்ணோ, பொருக்கோ, துர்நாற்றமோ இராது. மயிர் உடல் முழுவதும் சீராகக் குறையுமேயன்றி எவ்விடத்திலும் வழுக்கை விழாது. நாய் ஓயாமல் சொறிந்துகொள்ளாது. உணவிலும் விளையாட்டிலும் அதன் நாட்டம் குறையாது. இவை அனைத்தும் பொருந்தியிருந்தால், வேண்டுவது சீப்பு ஒன்றே.

இவற்றுள் ஏதேனும் ஒன்று பொருந்தாவிடில் நோயென ஐயுறுதல் தகும். அடிக்கடி காணப்படும் நோய்கள் பின்வருவன.

தெள்ளுப்பூச்சி: நாயின் முதுகின் பின்பகுதியிலும் வாலின் அடியிலும் சொறிதலும் மயிர் மெலிதலும் முதலில் தோன்றும். பேன்சீப்பால் அவ்விடத்தை வாரி, விழும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளின்மேல் இட்டால், பொடியைச் சுற்றிச் செந்நிறம் பரவும். தெள்ளுப்பூச்சி உறிஞ்சிய குருதி அதன் கழிவிற் கலந்திருப்பதே இதன் காரணம். வெறும் மண்ணாயின் நிறம் பரவாது.

சொறிப்பூச்சி: சார்காப்டஸ் என்னும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர் தோலைத் துளைத்து வாழ்கிறது. காதின் விளிம்பு, முழங்கை, பின்காலின் மூட்டு, வயிறு ஆகிய இடங்களில் பொருக்கும் கடுமையான நமைச்சலும் ஏற்படும். காதின் விளிம்பை விரல்களுக்கிடையே தேய்த்தவுடன் நாய் பின்காலால் சொறிவதுபோல் அசைத்தால் இந்நோயென ஐயுறலாம். இது பிற நாய்களுக்கு விரைவாகப் பரவும். நாயைத் தூக்குவோரின் கையிலும் வயிற்றிலும் நமைச்சலுள்ள செம்புள்ளிகளைத் தோற்றுவிக்கும்.

டெமோடெக்ஸ் சொறி: இதுவும் ஒரு சிற்றுயிராலேயே உண்டாகிறது. பெரும்பாலும் இளங்குட்டிகளின் கண்ணைச் சுற்றியும், வாயோரத்திலும், முன்கால்களிலும் மயிர் நீங்கித் திட்டுகள் தோன்றும். தொடக்கத்தில் நமைச்சல் குறைவு. இது மனிதரைத் தொற்றுவதில்லை. சிறு திட்டுகள் தாமே மறைவதுமுண்டு. உடல் முழுவதும் பரவினாலோ மருத்துவம் இன்றியமையாதது.

படர்தாமரை: இது பூஞ்சையால் விளைவது. மயிர் முறிந்து, செதில் உதிரும் வட்டத் திட்டுகள் காணப்படும். நமைச்சல் இல்லாமலும் இருக்கலாம். குழந்தைகளுக்கு எளிதில் தொற்றும். உதிர்ந்த மயிரில் தங்கும் பூஞ்சை விதைகள் 18 திங்கள் வரை உயிருடன் இருக்கக்கூடும். ஆதலின் நாய்க்கு மருத்துவம் செய்வதோடு, அது படுக்கும் சாக்கு, சீப்பு, தரை ஆகியவற்றையும் தூய்மை செய்தல் வேண்டும்.

இயக்குநீர்க் குறைகள்: நடுவயது நாயின் இரு விலாப்புறங்களிலும் சமமாக, நமைச்சலின்றி மயிர் குறைவதும், வாலின் மயிர் உதிர்ந்து எலிவால்போல் ஆவதும், சோம்பலும், உடல் பெருத்தலும் தைராய்டுச் சுரப்பியின் குறைவைக் குறிக்கலாம். மிகுந்த நீர்வேட்கை, அடிக்கடி சிறுநீர் கழித்தல், தொங்கும் வயிறு ஆகியவை அட்ரினல் சுரப்பியின் மிகைச் சுரப்பைக் குறிக்கலாம். இவற்றைக் குருதிச் சோதனையாலேயே உறுதி செய்ய இயலும்.

இரண்டாம் வகைப் பிழையின் விளைவை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு வீட்டில் புதிதாக வந்த நாய்க்குட்டியின் காதோரத்தில் மயிர் நீங்குகிறது. வேனிற்காலம் ஆதலால் மயிர் உதிர்வதாக வீட்டார் கருதுகின்றனர். இரண்டு வாரங்களில் அதனைத் தூக்கி விளையாடும் சிறுமியின் முன்கையில் செம்புள்ளிகள் தோன்றுகின்றன. வேர்க்குரு என்று மாவு தடவப்படுகிறது. குட்டியோ இரவெல்லாம் சொறிந்து, உறக்கமும் உணவும் இழந்து மெலிகிறது. முதல் வாரத்திலேயே ஒருவர் மயிரை விலக்கித் தோலைப் பார்த்திருந்தால், குட்டியின் துன்பமும் குழந்தையின் துன்பமும் ஒருங்கே தவிர்க்கப்பட்டிருக்கும். வகுப்பில் ஒரு மாணவரின் கையிலோ தலையிலோ இத்தகைய புள்ளிகளையோ வட்டத் திட்டுகளையோ காணும் ஆசிரியர், வீட்டில் நாயோ பூனையோ உண்டா என்று வினவுவது நலம்.

வாரும் முறை

உதிர வேண்டிய மயிரைத் தரையில் விழுமுன் சீப்பில் ஏற்றுவதே வாருதலின் நோக்கம். அதனினும் மேலான பயன், நாயின் உடல் முழுவதையும் வாரத்தில் சிலமுறை தொட்டும் கண்டும் சோதிக்க வாய்ப்புக் கிட்டுவதாகும்.

குட்டை மயிருடைய நாய்க்கு மென்மையான ரப்பர்ப் பற்களையுடைய தூரிகையோ, சற்றுக் கரடுமுரடான ஈரத்துணியோ போதும். வாரத்தில் ஒருமுறை அல்லது இருமுறை தேய்த்தால் நலம். ஈரடுக்கு மயிருடைய நாய்க்கு முனை மழுங்கிய, அகன்ற பற்களையுடைய உலோகச் சீப்பும், வளைந்த கம்பிகளையுடைய தூரிகையும் தேவை. வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாட்களும், மயிர் உதிரும் பருவத்தில் நாள்தோறும் 10 முதல் 15 நிமிடமும் வாருதல் வேண்டும். லாசா ஆப்சோ போன்ற நீண்ட மயிர் நாய்களை நாள்தோறும் வாராவிடில் சிக்கு விழும்.

வெளித் திண்ணையிலோ முற்றத்திலோ நாயை நிற்கவைத்து, முதலில் கையால் தடவிப் பழக்க வேண்டும். பின்னர்க் கழுத்திலிருந்து தொடங்கி, ஒரு கையால் மயிரை மேல்நோக்கி ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, தோல் கோடுபோல் தெரியும் இடத்திலிருந்து மயிர் வளரும் திசையில் சிறிது சிறிதாக வாருதல் முறை. மேற்புறத்தை மட்டும் வாரிவிட்டு அடிமயிரை விட்டுவிடுவதே பலரும் செய்யும் தவறு. காதின் பின்புறம், முன்கால்களின் இடுக்கு, வயிறு, தொடையின் பின்புறம், வாலின் அடி ஆகியவற்றை மறத்தல் கூடாது. சிக்கு விழுவதும் உண்ணி ஒளிந்திருப்பதும் பெரும்பாலும் இவ்விடங்களிலேயே. சீப்பை ஒரே இடத்தில் அழுத்தித் திரும்பத் திரும்ப இழுத்தால் தோல் புண்படும்.

சிக்கினை விரல்களால் பிரித்து, நுனியிலிருந்து அடிநோக்கிச் சிறிது சிறிதாக எடுக்க வேண்டும். பிரிக்க இயலாவிடில், தோலுக்கும் சிக்குக்கும் இடையே சீப்பைச் செருகி, சீப்பின் மேற்புறமாக மட்டுமே கத்தரித்தல் வேண்டும். சிக்கோடு தோலும் மடிந்து வருமாதலால், சீப்பின்றிக் கத்தரிப்பது தோலை வெட்டிவிடும்.

வாரும்போது உண்ணி தென்பட்டால், நுனி கூரிய இடுக்கியால் அதன் வாய்ப்பகுதியைத் தோலையொட்டிப் பிடித்து, நேராக இழுத்தெடுத்துச் சோப்பு நீரில் இடலாம். விரலால் நசுக்குவதும், மண்ணெண்ணெய் ஊற்றுவதும், நெருப்பால் சுடுவதும் தீங்கானவை. உண்ணிகள் பரப்பும் பெபீசியா, எர்லிக்கியா ஆகிய நோய்கள் நாயின் உயிருக்கே ஊறு விளைவிப்பவை. காய்ச்சலோ, ஈறு வெளுத்தலோ, மூக்கிலிருந்து குருதி வடிதலோ காணப்பட்டால் தாமதித்தல் ஆகாது.

நீராட்டுதல்

வாரிய பின்னரே நீராட்ட வேண்டும். சிக்கும் உதிர்ந்த மயிரும் நனைந்தால் இறுகிவிடும். நலமான நாய்க்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை நீராட்டுதல் பொதுவாகப் போதுமானது. அடிக்கடி சோப்பிட்டுக் குளிப்பாட்டினால் நெய்ப்பொருள் கழிந்து தோல் வறண்டு, மயிர் உதிர்வது மிகுமேயன்றிக் குறையாது. மனிதரின் தோல் சற்றே அமிலத்தன்மை உடையது. நாயின் தோல் நடுநிலையை அடுத்தது. ஆகவே நாய்களுக்கென ஆக்கப்பட்ட ஷாம்புவே ஏற்றது. சலவைச் சோப்பை அறவே தவிர்க்க வேண்டும்.

வெதுவெதுப்பான நீரால், காதினுள் நீர் புகாமல் நீராட்டி, நுரை முழுவதும் நீங்கும்வரை அலசித் துவட்ட வேண்டும். ஈரடுக்கு நாயின் மேல்மயிர் உலர்ந்த பின்னும் அடிமயிர் நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். மழைக்காலத்தில் இவ்வீரம் தங்கினால் தோல் வெந்து, சீழ் வடியும் புண் ஒரே நாளில் தோன்றிவிடக்கூடும். எனவே அடிவரை உலர்த்துதல் முக்கியமாகும்.

மழித்தல் தகுமா?

வேனிற்காலத்தில் நாய்க்குப் புழுக்கமாயிருக்கும் என்று இரக்கங்கொண்டு மயிர் முழுவதையும் மழித்துவிடுவோர் பலர். இவ்விரக்கம் நாய்க்கு நன்மை தருவதில்லை. மனிதன் உடல் முழுவதும் வியர்த்துக் குளிர்ச்சி பெறுகிறான். நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் உள்ளங்காலின் மெத்தைகளில் மட்டுமே. அது வாயைத் திறந்து இரைத்தே உடலின் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. பழைய அடிமயிரை வாரி எடுத்துவிட்டால் காப்புமயிரின் ஊடே காற்று செல்லும். அக்காப்புமயிரே வெயில் தோலைச் சுடாமல் தடுக்கும். மழித்தால் இக்காப்பு நீங்கிவிடுகிறது.

மேலும் மழித்த மயிர் விரைவில் மீள்வதில்லை. குட்டை மயிர் முழுமையாக வளர மூன்று நான்கு திங்களாகும். நீண்ட மயிருக்கு ஒன்றரை ஆண்டுகூடச் செல்லலாம். அடர்ந்த அடிமயிருடைய சில நாய்களில் மழித்த இடத்தில் பல திங்கள் மயிர் முளைக்காமலே இருப்பதுமுண்டு. புண்ணுக்கு மருந்திடவோ அறுவைக்கோ மருத்துவர் மழித்தல் வேறு. வெப்பத்தைத் தணிக்க வேண்டுவது நிழல், தூய நீர், காற்றோட்டம், வெயில் ஏறுமுன் உலாவச் செய்தல் ஆகியவையே.

உணவு

மயிர் ஏறத்தாழ முழுவதும் புரதத்தாலானது. நாய் உண்ணும் புரதத்தில் கணிசமான பகுதி தோலுக்கும் மயிருக்குமே செலவாகிறது. தோலின் மேலடுக்கு ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே உணவில் குறை நேர்ந்தால் அது தோலிலும் மயிரிலும் விரைவில் வெளிப்படும்.

நம் நாட்டு வீடுகள் பலவற்றில் நாய்க்குக் கிடைப்பது சோறும் பாலும், அல்லது சோறும் மோரும் மட்டுமே. இதில் புரதம் போதாது. தோலுக்கு இன்றியமையாத லினோலெயிக் அமிலம் என்னும் கொழுப்பமிலமும், துத்தநாகச் சத்தும் போதா. வேகவைத்த முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றுள் ஒன்றை நாள்தோறும் சேர்ப்பது நலம். சூரியகாந்தி எண்ணெய் போன்ற தாவர எண்ணெயைச் சிறிதளவு உணவிற் கலந்தால் லினோலெயிக் அமிலம் கிடைக்கும். முட்டையைப் பச்சையாக மிகுதியாகக் கொடுத்தால், அதன் வெண்கருவிலுள்ள ஒரு பொருள் பயோட்டின் என்னும் வைட்டமினைப் பயன்படாமற் செய்துவிடும். குழம்புச் சோற்றிலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் செங்குருதி அணுக்களை அழிப்பவை. இவற்றைத் தவிர்க்க வேண்டும். உணவைச் சீர்செய்த பின் பயன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்களேனும் பொறுத்திருத்தல் வேண்டும்.

மருந்துகள் பற்றிய எச்சரிக்கை

சொறிநாய்க்கு எந்திர எண்ணெயையும் மண்ணெண்ணெயையும் பீனாலையும் பூசும் வழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. நாய் இவற்றை நக்கி விழுங்கும். தோல் வழியாகவும் நஞ்சு உடலிற் சேரும். பயிருக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியைப் பூசுவது நாய்க்கும் பூசுபவருக்கும் ஒருங்கே ஆபத்தானது.

முறையான மருந்துகளிலும் கவனம் வேண்டும். நாயின் உண்ணிக்குப் பயன்படும் பெர்மெத்ரின் பூனைக்குக் கொடிய நஞ்சு. ஐவர்மெக்டின், கோலி முதலிய சில மேய்ப்பு நாய் வகைகளில், அவற்றின் மரபணு மாற்றம் ஒன்றின் காரணமாக மூளையைத் தாக்கக்கூடும். அண்மைக் காலத்தில் வழக்குக்கு வந்துள்ள ஐசாக்ஸசோலின் வகை மாத்திரைகள் உண்ணி, தெள்ளு, சொறிப்பூச்சி ஆகியவற்றை ஒருங்கே ஒழிக்கின்றன. ஆயினும் வலிப்புநோயுள்ள நாய்க்கு இவற்றை எச்சரிக்கையுடன் கொடுத்தல் வேண்டும். எனவே நாயின் வகை, எடை, வயது ஆகியவற்றை அறிந்து மருத்துவர் குறித்த மருந்தே ஏற்றது. நாயின் மேல் காணப்படும் தெள்ளுப்பூச்சிகள் ஒரு சிறு பகுதியே. முட்டைகளும் புழுக்களும் கூடுகளும் படுக்கையிலும் தரை இடுக்கிலும் உள்ளன. ஆகவே அவ்விடங்களையும் பெருக்கித் தூய்மை செய்து, படுக்கைத் துணியை வெந்நீரில் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும்.

ஊரிலும் பள்ளியிலும்

நாயின் மயிரால் சிலருக்குத் தும்மலும் மூச்சிரைப்பும் உண்டாவதாகக் கூறுவர். உண்மையில் இவற்றை உண்டாக்குவது மயிரன்று. நாயின் உமிழ்நீரிலும் தோற்செதிலிலும் உள்ள புரதங்களே. மயிர் அவற்றைச் சுமந்து செல்கிறது. இத்தொல்லை உடையவர் வாரும் பணியைப் பிறரிடம் விடுவதும், அப்பணியை வீட்டுக்கு வெளியே செய்வதும் நலம். நாடாப்புழு வகையொன்றின் முட்டைகளும் நாயின் மயிரில் ஒட்டியிருக்கக்கூடும். ஆகவே வாரிய பின்னர்ச் சோப்பிட்டுக் கைகழுவும் வழக்கத்தைக் குழந்தைகளுக்குக் கற்பித்தல் வேண்டும்.

நலமான நாயின் மயிரைக் குப்பைக்குழியில் இட்டுப் புதைக்கலாம். நைட்ரஜன் மிகுந்த அப்பொருள் மெல்ல மக்கி உரமாகும். படர்தாமரை கண்ட நாயின் மயிரையோ எரித்துவிடுதலே தக்கது.

ஆசிரியர்கள் வகுப்பில் ஓர் எளிய செய்முறையைக் காட்டலாம். தடுப்பூசி இடப்பட்ட, நலமான வளர்ப்பு நாயின் சீப்பிலிருந்து எடுத்த மயிரைக் கரிய தாளின்மேல் பரப்பி, உருப்பெருக்காடியின் துணையால் காப்புமயிரையும் அடிமயிரையும் பிரித்தறியச் செய்யலாம். திங்கள்தோறும் ஒரே நாயின் மயிரை இவ்வாறு சேர்த்து ஒட்டிவைத்தால், ஆண்டிறுதியில் பகலின் நீளத்துக்கும் மயிரின் அளவுக்கும் உள்ள தொடர்பை மாணவர் தாமே காண்பர். ஆனால் தெருநாய்களைத் தொடவோ வாரவோ மாணவரை ஒருபோதும் விடலாகாது. நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ புண்ணை உடனே சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே சுகாதார நிலையத்துக்குச் சென்று வெறிநாய்க்கடித் தடுப்பூசி இட்டுக்கொள்ள வேண்டும்.

உதிரும் மயிர் நாயின் குற்றமன்று, வளர்ப்போரின் குற்றமுமன்று. அதனைத் தடுக்கும் மருந்து தேவையுமில்லை. வேண்டுவன தக்க சீப்பு, போதிய உணவு, மயிரை விலக்கித் தோலைப் பார்க்கும் வழக்கம் ஆகிய மூன்றே. நாள்தோறும் கால் மணி நேரம் ஒதுக்கி இவ்வழக்கத்தைக் கைக்கொள்ளும் வீட்டில், நோய் வேர்கொள்ளுமுன் கண்டறியப்படும். ‘எங்கள் நாய்க்கு மயிர் கொட்டுகிறது’ என்று கூறிக்கொண்டு ஒருவர் வரும்போது, ‘தோல் எப்படி இருக்கிறது?’ என்று களப்பணியாளர் கேட்கும் ஒரு வினா, அந்நாயையும் அவ்வீட்டுக் குழந்தைகளையும் ஒருங்கே காக்கும்.